ஜென்னர் வைத்தியரின் வீடும் கிராம ஜனங்களின் ஆரோக்கியமும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பிரசங்கம்)



பொருட்காட்சிசாலை என்ற மாத்திரத்தில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது பட்டணத்தில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் ஒரு கட்டடமும், அதனுள் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைத்த சிலைகளும், வாள்களும், பழங்காசுகளுமேயாகும். நோயையும் வைத்தியத்தையும் பற்றிய பொருட்காட்சிசாலை ஒன்று உண்டென்பதும், அதுவும் மாடு கன்றுகள் மேயும் ஒரு சிற்றூரில் இருக்கின்றதென்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இங்கிலாந்து தேசத்தில், கிளஸ்டர்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த பெர்க்லி என்னும் ஊரில் மாதா கோவிலுக்கு அருகே அத்தகைய இல்லம் ஒன்று உள்ளது. எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர் வாழ்ந்து, தொழில் செய்து, உயிர் நீத்த வீடு அது.

பெரியம்மை என்னும் வைசூரி நோய் உலகத்தினின்று அறவே ஒழிந்ததற்கு மூலகாரணமான சோதனை அவ்வூரிலேதான் நடந்தது. அவ்வீட்டின் சரித்திரம் கிராமத்தார் அவசியம் அறிந்துகொள்ளத்தக்கது. ஏனெனில் அதில் வருவோர் அநேகமாகக் கிராமத்தாரே. பால் கறக்கும் பெண் ஒருத்தி, தோட்ட வேலைக்காரன் மகன் ஒருவன், குடியானவன் ஒருவன், நாட்டுப்புற வைத்தியர் ஒருவர், பசு ஒன்று ஆகிய இவர்களைக் கொண்டே அச்சரித்திரம் நடந்தேறிற்று.

வைசூரியின் கொடுமை

இக்காலத்து வாலிபர்கள் வைசூரியைக் கண்டவர்களல்லர். கடுமையான வைசூரி கண்டவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வீதம் மாண்டனர். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு விழுந்தது. சிலருக்குக் கண்ணும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் இந்நோயால் 30 கோடி மக்கள் இறந்திருக்கலாமென்று மதிப்பிடப்பட்டிருக்கின்றது. தமிழ் நாட்டில் இதன் பெயரைச் சொல்லவும் ஜனங்கள் அஞ்சி, அம்மை என்றும், அம்மன் வந்திருக்கிறாள் என்றும் பயபக்தியோடு கூறினர். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டிற்குள் அயலார் நுழைவதில்லை. அவ்வழக்கம் பக்தியினால் ஏற்பட்டதாயினும், தொற்று பரவாமல் ஓரளவுக்கு அதுவும் உதவியிருக்கும்.

ஒருமுறை வைசூரி கண்டு பிழைத்தவனுக்கு மறுமுறை அது வருவதில்லை என்பதை நெடுங்காலத்திற்கு முன்பே ஜனங்கள் அறிந்திருந்தனர். அது கொண்டு சீன தேசத்திலும், இந்தியாவிலும், துருக்கியிலும் நோயாளியின் கொப்புளத்திலுள்ள சீழையோ பொருக்கையோ எடுத்து, நோயில்லாதவர் உடலிற் சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. துருக்கியில் இதைக் கண்ட மேரி மாண்டேகு என்னும் சீமாட்டி 1721-ம் வருஷத்தில் லண்டனில் தம் புதல்விக்கு இவ்விதம் செய்வித்தார். இம்முறையால் பலர் பிழைத்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் நூற்றுக்கு இருவர் அளவில் இதனாலேயே இறந்தனர். குத்திக்கொண்டவரிடமிருந்து அண்டையிலிருப்போருக்கு நோய் தொற்றவுங் கூடும்.

ஜென்னரே சிறு பிராயத்தில் இம்முறைக்கு உட்பட்டவர். 1749-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி பெர்க்லியில் பாதிரியாரின் மகனாகப் பிறந்த அவர், ஐந்து வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். எட்டு வயதில் அவரைப் பட்டினி போட்டு, இரத்தம் வடித்துப் பலவீனப்படுத்தி, அதன்பின் வைசூரிப் பாலைக் குத்தி, மற்றப் பிள்ளைகளோடு ஒரு லாயத்தில் அடைத்து வைத்தார்கள். அந்நாட்களின் துன்பத்தை அவர் முதுமை வரையில் மறக்கவில்லை. ஒரு சிகிச்சை நல்லதாயிருப்பது மாத்திரம் போதாது, அதைப் பெறுவோனுக்கு அது தாங்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

குடியானவர் அறிந்த உண்மை

பெர்க்லியைச் சுற்றிய நாடு பால்மாடுகளுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பெயர் பெற்றது. அங்கே பசுக்களின் மடியில் சில சமயம் ஒருவகைக் கொப்புளம் காணும். அதற்குக் கோவசூரி, அதாவது பசு அம்மை என்று பெயர். பால் கறப்போர் கைகளிலும் அக்கொப்புளம் தோன்றிச் சில நாட்களில் ஆறிவிடும். அவ்வாறு பசு அம்மை கண்ட கைகளையுடையவர்களை வைசூரி அணுகாது என்று குடியானவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். படித்த வைத்தியர்கள் அதைப் பாமரர் பேச்சென்று தள்ளிவிட்டனர்.

அப்பேச்சை நம்பித் துணிந்து காரியம் செய்தவர்களுள் பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் குடியானவன் குறிப்பிடத்தக்கவன். டார்செட் ஜில்லாவில் 1774-ம் வருஷம் வைசூரி பரவியபோது, அவன் பசுவின் கொப்புளத்திலிருந்து பால் எடுத்துத் தன் மனைவிக்கும் இரு புதல்வர்களுக்கும் குத்தினான். அயலார் அவனை வெகுவாக நிந்தித்தனர். அவன் செய்தது சரியானதே. ஆனால் அவன் அதை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. பிறர் சோதித்துப் பார்க்கும்படி விளக்கவும் இல்லை. ஆதலால் அந்நன்மை அவன் குடும்பத்தளவிலேயே நின்றுவிட்டது.

ஜென்னர் லண்டனில் ஜான் ஹண்டர் என்னும் பெரிய வைத்தியரிடம் பயின்று, சொந்த ஊருக்குத் திரும்பி வந்து தொழில் செய்தார். குடியானவர் சொல்லை அவர் இகழவில்லை, விசாரித்தார், பல வருஷங்கள் குறிப்பெடுத்தார். 1796-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்துப் பாலை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் புஜத்தில் இரு சிறு கீறல்கள் கீறி அதில் வைத்தார். அப்பெண்ணுக்கு அதைக் கொடுத்த பசுவின் பெயர் பிளாசம். சிறுவனோ ஜென்னரின் தோட்டத்தில் வேலை செய்தவனுடைய மகன். ஒன்பதாம் நாள் அவனுக்குச் சற்றுக் குளிரும் தலைவலியும் கண்டன. மறுநாள் சௌக்கியமாயினான். ஜூலை மாதம் 1-ந் தேதி ஜென்னர் அச்சிறுவனுக்கு மெய்யான வைசூரிப் பாலைக் குத்தினார். நோய் காணவில்லை.

இவ்விஷயத்தில் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். ஏழைச் சிறுவன் ஒருவனைக் கொடிய நோயின் முன் நிறுத்திச் சோதிப்பது இக்காலத்தில் எந்தத் தேசத்துச் சட்டத்திற்கும் ஒவ்வாது. அக்காலத்தில் வைசூரிப் பால் குத்துவது சாதாரண வழக்கமாயிருந்தபடியால் ஒருவரும் அதைத் தவறென்று எண்ணவில்லை. ஜென்னர் அச்சிறுவனை மறக்கவுமில்லை. பிற்காலத்தில் அவனுக்குப் பெர்க்லியில் குடிக்கூலியின்றி வசிக்க ஒரு சிறு வீடு கொடுத்தார். 1823-ம் வருஷத்தில் ஜென்னர் காலமானபோது, சவ அடக்கத்திற்கு வந்தவர்களில் பிப்ஸும் ஒருவன்.

ஏட்டின் பெருமை

இச்சோதனையை ஜென்னர் எழுதியனுப்பியபோது, லண்டனிலுள்ள ராயல் சொஸைட்டியார் அதை ஏற்று வெளியிடவில்லை. ஒரு சிறுவனைக் கொண்டு உலகிற்கே ஒரு முடிவு கூறலாகாதென்பது அவர்களுடைய எண்ணம். ஜென்னர் கோபித்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. மேலும் பலரைப் பார்த்து, ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியே எழுதி, மொத்தம் 23 பேரைப் பற்றிய விவரங்களோடு 1798-ம் வருஷத்தில் சொந்தச் செலவில் ஒரு புஸ்தகமாக அச்சிட்டார். இன்னார், இன்ன தொழில், இன்ன வருஷத்தில் பசு அம்மை கண்டது, பின்னர் வைசூரியினிடையே இருந்தும் நோய் வரவில்லை என்று பேரேட்டில் பற்று வரவு எழுதுவதுபோல அதில் எழுதியிருக்கின்றது. கணக்குச் சரியாக எழுதப்படாத சங்கத்தை எவ்வளவு நல்லவர் நடத்தினும் பிறர் நம்பமாட்டார்கள் என்பது அங்கத்தினர் அறிந்ததே. வைத்திய விஷயத்திலும் நியாயம் அதுவே. ஜெஸ்டிக்கும் ஜென்னருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஏட்டில் அடங்கியிருக்கின்றது.

ஜென்னர் தம் முறையை இரகசியமாக வைத்துப் பணம் சேர்க்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் பாலையும் அனுப்பி, குத்தும் விதத்தையும் எழுதினார். அதனால் அவருடைய சொந்தத் தொழில் குன்றியது. பார்லிமெண்டார் 1802-ம் வருஷத்தில் 10,000 பவுனும், 1807-ம் வருஷத்தில் 20,000 பவுனும் வெகுமதியாக அளித்தனர். பெர்க்லியில் அவர் வீட்டுத் தோட்டத்தில் மரப்பட்டையும் கட்டைகளும் கொண்டு கட்டிய ஒரு சிறு குடிசை உண்டு. அதில் அவர் ஊர் ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் பால் குத்தினார். பசு அம்மையின் ஆலயம் என்று அதற்குப் பெயரும் இட்டார். அக்குடிசை இன்னும் நிற்கின்றது.

பசு அம்மை இந்தியாவிற்கு வந்த விதம்

அக்காலத்தில் பனிப்பெட்டி இல்லை. பால் வழியிற் கெட்டுப்போகும். ஆகவே ஒருவர் புஜத்திலிருந்து மற்றொருவர் புஜத்திற்கு மாற்றி மாற்றியே அதைத் தூரதேசங்களுக்குக் கொண்டு போனார்கள். பாக்தாத், பாஸ்ரா மார்க்கமாக வந்த பால், 1802-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி பம்பாயில் ஆன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண் குழந்தைக்குப் பலித்தது. அக்குழந்தையின் புஜத்திலிருந்தே அது பிற இடங்களுக்குப் பரவி, அவ்வருஷத்திலேயே சென்னை ராஜதானியையும் அடைந்தது.

ஜனங்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. இங்கிலாந்திலேயே 1802-ம் வருஷத்தில் கில்ரே என்னும் சித்திரக்காரர், பால் குத்திக்கொண்டவர்கள் உடம்பிலிருந்து மாட்டுத் தலைகள் முளைப்பதாகப் பரிகாசப் படம் வரைந்தார். தென்னாட்டில் எல்லீஸ் துரை வேறொரு வழியை நாடினார். தமிழ் கற்றுத் தேர்ந்தவரும், பஞ்ச காலத்தில் சென்னையிற் கிணறுகள் வெட்டுவித்தவருமாகிய அவர், தன்வந்திரியும் சக்தியும் சம்பாஷிப்பது போல் தமிழில் ஒரு சிறு நூல் இயற்றி, பசு அம்மை தெய்வமே அருளிய அமிர்தமென்று அதிற் கூறினார். அவருடைய நோக்கம் நன்மையானதுதான். ஆனால் அரசாங்க உத்தியோகஸ்தர் தாமே எழுதியதைத் தெய்வ வாக்காகக் காட்டி ஜனங்களை இணங்கச் செய்வது நிலையான நம்பிக்கையைத் தருமா என்பது யோசிக்கத்தக்கது. உண்மையை நேரிற் காட்டி, கேள்விக்கு விடை சொல்லி, கேட்பவனுடைய அறிவை மதித்து நடப்பதே நீடித்த பலன் தரும். பொருட்காட்சிசாலையின் வழி அதுவேயாகும்.

கட்டாயமும் அசட்டையும்

ஜென்னருக்குப் பின், இங்கிலாந்தில் 1853-ம் வருஷத்துச் சட்டப்படி குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயமாக்கப்பட்டது. தவறியவர்களுக்கு அபராதம் விதித்தனர். பணக்காரன் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனான்; ஏழை துன்பப்பட்டான். புஜத்திலிருந்து புஜத்திற்குப் பால் எடுத்த முறையால் சில சமயங்களில் வேறு நோய்களும் தொற்றினபடியால், ஜனங்களின் அச்சம் முழுவதும் ஆதாரமற்றதென்று சொல்லவும் முடியாது. 1885-ம் வருஷத்தில் லெஸ்டர் நகரத்தில் பல்லாயிரம் பேர் கூடி ஊர்வலம் சென்று ஆட்சேபித்தார்கள். 1898-ம் வருஷத்தில், மனச்சாட்சி இடந்தராதவர்கள் விலகிக்கொள்ளலாமென்று சட்டம் திருத்தப்பட்டது.

அசட்டையின் பலனும் அதே காலத்தில் வெளியாயிற்று. பெர்க்லிக்கு இருபது மைலுக்குட்பட்ட கிளஸ்டர் நகரத்தில் அநேகம் பெற்றோர் குழந்தைகளுக்குப் பால் குத்தாமல் விட்டிருந்தனர். 1895, 1896-ம் வருஷங்களில் அங்கே வைசூரி பரவிற்று. சற்றேறக்குறைய 2,000 பேருக்கு நோய் கண்டு 434 பேர் இறந்தனர். அவர்களிற் பலர் குழந்தைகள். அதன் பின்னரே ஜனங்கள் திரள் திரளாக வந்து குத்திக்கொண்டார்கள். ஜென்னர் பிறந்த ஜில்லாவிலேயே அவர் கற்பித்த பாடம் நூறு வருஷத்திற்குள் மறக்கப்பட்டுவிட்டது. நோயின் பயம் நீங்கியவுடன் மருந்தின் அருமையும் மறந்துபோவது மனித இயல்பு. அம்மறதியைத் தடுப்பதற்காகவே இத்தகைய நினைவில்லங்கள் வேண்டியிருக்கின்றன.

வீடு பொருட்காட்சிசாலையானது

பெர்க்லியில் முதன்முதலாக, பிப்ஸுக்குக் கொடுத்த சிறு வீட்டிலேயே ஜென்னர் நினைவாகப் பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. ஜென்னரின் சொந்த வீடோ நெடுங்காலம் பாதிரிமார் வசிக்கும் இடமாயிருந்தது. பின்னர் ஜப்பானியராகிய ரியோய்ச்சி சசகாவா என்பவரின் பொருளுதவியால் அவ்வீடு வாங்கப்பட்டு, 1985-ம் வருஷத்தில் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அதை நடத்துவது ஒரு தரும ஸ்தாபனம். ஊதியம் பெறாத தொண்டர் பலர் அதற்கு உழைக்கிறார்கள்.

அங்கே காண்பதற்குத் தங்கமும் வைரமும் இல்லை. வைத்தியர் எழுதிய அறையும், அவர் காலத்துக் கருவிகளும், பிளாசம் என்ற பசுவினுடையதாகச் சொல்லப்படும் கொம்பும், தோட்டத்துக் குடிசையுமே உள்ளன. எனினும், நோயைத் தடுப்பது எப்படி என்று நூறு துண்டுப் பத்திரங்கள் வழங்குவதைக் காட்டிலும், இந்த வாசலில் ஏழைகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்று காட்டும்போது மனத்தில் ஆழப் பதிகின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். ஜென்னர் செய்தது சரியா, பிப்ஸின் தகப்பன் மறுத்திருக்கக்கூடுமா, ஜெஸ்டிக்கு ஏன் புகழ் கிடைக்கவில்லை என்று ஒருவன் அங்கே நின்று யோசிக்கத் தொடங்குவானாயின், அவன் ஆரோக்கிய விஷயத்தில் பிறர் சொல்லுக்குத் தலையாட்டுகிறவனாயிராமல், தானே ஆராய்ந்து நடப்பவனாகின்றான்.

நோய் ஒழிந்த வரலாறு

1967-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் வைசூரியை அடியோடு ஒழிக்கத் தீவிரமாக முயலத் தொடங்கினர். அப்பொழுதும் வருஷந்தோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டதாக மதிப்பு. நோய் கண்ட வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் குத்தி, நோயை அவ்விடத்திலேயே வளைத்து அடக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் 1975-ம் வருஷம் மே மாதத்திற்குப்பின் வைசூரி தோன்றவில்லை. இயற்கையாக நோய் கண்டவர்களில் கடைசி மனிதர், சோமாலியா தேசத்தைச் சேர்ந்த ஆஸ்பத்திரிச் சமையற்காரராகிய அலி மாவோ மாலின் என்பவர். அது 1977-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில். ஆஸ்பத்திரியில் வேலை செய்தும், ஊசியின் வலிக்கு அஞ்சி அவர் குத்திக்கொள்ளாமல் இருந்துவிட்டார். அவர் பிழைத்தெழுந்து, பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்பு வேலையிற் சேர்ந்து, தம் அச்சத்தின் கதையையே எடுத்துச்சொல்லித் தாய்மாருக்குத் தைரியம் கூறினார். 1980-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி, வைசூரி உலகில் ஒழிந்ததென்று பிரகடனம் செய்யப்பட்டது. மனித முயற்சியால் மனிதரிடையே முற்றிலும் ஒழிந்த தொற்றுநோய் இது ஒன்றேயாகும்.

கிராமங்கள் செய்யத்தக்கது

இனி, இதிலிருந்து ஐக்கிய சங்கங்கள் கைக்கொள்ளத்தக்கவை சில உள.

முதலாவது, ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பொருட்காட்சிசாலை ஏற்கெனவே இருக்கின்றது. அது முதியோர்களின் புஜம். 1970-ம் வருஷங்களுக்கு முன் பிறந்தவர்களிற் பலர் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு பெரிதாகக் காணும். க்ஷயரோகத் தடுப்புக்காகக் குழந்தைகளுக்கு இடது புஜத்தில் குத்தும் சிறு தழும்பு வேறு, இது வேறு. இத்தழும்பையுடைய தலைமுறை நாளுக்கு நாள் மறைந்து வருகின்றது. அம்மை குத்துபவர் ஊருக்கு வந்த நாளில் வீட்டார் எங்கே ஒளிந்தார்கள், யார் முதலில் முன் வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனை பேர் வைசூரியால் மாண்டார்கள் என்பதை அவர்களிடம் இப்பொழுதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அதைச் செய்விக்கலாம். ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கலாம். பாட்டிமார் பயன்படுத்திய மருந்துரல், பழைய பிறப்பு இறப்புக் குறிப்புகள், தடுப்பு ஊசிச் சீட்டுகள், ஊரில் முதன்முதல் மருத்துவச்சியாக உழைத்தவரின் படம் முதலியவற்றை அதில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதலாம். பொதுநன்மை நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய உபவிதிகள் இடங்கொடுத்தால், மகாசபையில் தீர்மானம் செய்துகொண்டே செலவிடவேண்டும். சொற்பத் தொகையாயினும் ரசீது வேண்டும்.

மூன்றாவது, கேள்வி கேட்பவனை இகழக்கூடாது. குழந்தைக்கு ஊசி போட அஞ்சும் தாயை அறிவிலி என்று ஏசுவதால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாளே தவிர வேறு பயனில்லை. ஊசிக்குப்பின் சிறிது காய்ச்சல் காணக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அது எத்தனை நாளில் தணியும் என்பதையும், யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்பதையும் தெரிவித்தால் அவள் நம்பிக்கை கொள்வாள். அங்கத்தினர் கடன் வாங்குமுன் வட்டி விகிதத்தைக் கேட்பது போலவே, ஊசி போடுமுன் அதன் நன்மை தீமைகளைக் கேட்க அவளுக்கும் உரிமையுண்டு.

நான்காவது, குடியானவன் கண்ணாற் கண்டதை அலட்சியம் செய்யலாகாது, எழுதாமலும் விடலாகாது. மாட்டிற்குப் புதிதாக ஒரு நோய் கண்டாலும், ஒரே தெருவில் பலருக்கு ஒரே காய்ச்சல் கண்டாலும், தேதியையும் எண்ணிக்கையையும் குறித்துக் கால்நடை வைத்தியருக்கோ சுகாதார நிலையத்திற்கோ அன்றே தெரிவித்தல் வேண்டும். பெர்க்லியில் பால் கறந்தவர்களின் பேச்சை ஒரு வைத்தியர் செவி கொடுத்துக் கேட்டதனால்தான் இவ்வளவு பெரிய காரியம் கைகூடிற்று.

ஐக்கிய இயக்கத்தின் தத்துவம், ஒருவர் எல்லோருக்காகவும் எல்லோரும் ஒருவருக்காகவும் என்பதே. தடுப்பு ஊசியின் தத்துவமும் அதற்கு வேறானதன்று. ஊரிற் பெரும்பாலோர் தம்மைக் காத்துக்கொண்டால், குத்திக்கொள்ள இயலாத பச்சிளங் குழந்தையும் நோயாளியும் அவர்கள் நிழலிற் காக்கப்படுகிறார்கள். பங்குத் தொகையைச் செலுத்தாதவன் சங்கத்தின் பலனை மாத்திரம் அடைய விரும்பினால் சங்கம் நிலைக்காது. ஊர் ஆரோக்கியமும் அப்படியே. இந்த உண்மையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைத்து, அடுத்த மகாசபைக்குள் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டெழுதிய குறிப்புகளோடு வருவார்களாயின், இப்பிரசங்கம் பயன்பட்டதாகும்.